கொட்டேஷனின் வலது கை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கொட்டேஷன் என்று நாங்கள் கூப்பிடும் மனிதரைவிடப் பெரிய இம்சை குடியிருந்ததே கிடையாது. துவாக்குடியில் எங்கள் கம்பெனியின் பர்சேஸ் செக்‌ஷனில் என் பக்கத்து சீட். ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பக்கத்துத் தெரு. போல்ட், நட்டு எது வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு கொட்டேஷன் வாங்கி ஒப்பிட வேண்டும் என்பது கம்பெனி விதி. இந்த மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார். கொத்தமல்லிக் கட்டுக்கே மூன்று கடை ஏறி இறங்குவார். பெண் பார்த்ததும் அப்படித்தான். ஒப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று பெண்களுக்கும் கல்யாணமாகிவிட்டது, இவர் தனிக்கட்டையாக நின்றார். கொட்டேஷன் என்று பெயர் வைத்தவன் நான்தான். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

போன வருஷம் அவருடைய வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போக ஆரம்பித்தன. நாள் முழுக்க கீபோர்டைத் தட்டும் கை. மணிக்கட்டு வழியே போகும் நரம்பு அமுங்குகிறது, கார்ப்பல் டனல் என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் வைத்தியம் பார்த்திருப்பார்கள். இவர் கொட்டேஷன் வாங்கப் புறப்பட்டார்.

தில்லைநகர் டாக்டர், மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார். கண்டோன்மெண்ட் டாக்டர் ஊசி என்றார். இன்னொருவர் சின்ன ஆபரேஷன் என்றார். ஏதோ ஒன்றைச் செய்து தொலைக்க வேண்டியதுதானே?

“பட்டை சுலபம் சார், ஆனா லேட்டாகும். ஊசி சீக்கிரம் கேக்கும், ஆனா மரப்பு திரும்ப வந்தாலும் வருமாம். ஆபரேஷன்னா தழும்பு. மூணும் ஒரே ஸ்பெசிஃபிகேஷன்ல இல்லையே, எப்படி ஒப்பிடறது?”

“அது கைங்க, மோட்டார் இல்ல!”

“ஜீயபுரத்துல எண்ணெய் தேய்க்கிறவர் ஒருத்தர் இருக்காராம். அவரையும் கேட்டுடறேன்.”

செக்‌ஷன் முழுக்க எண்ணெய் நாறியது. மரப்பு மட்டும் போகவில்லை. பட்டை வாங்கினார், அதுவும் மூன்று கம்பெனிப் பட்டை. எது நல்லது என்று மாற்றி மாற்றிக் கட்டி, எதையும் ஒழுங்காகக் கட்டவில்லை. டம்ளர் கையில் நிற்காது. அவர் கொட்டிய காபியில் பாதி என் சட்டையில்தான்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியாமல் திணறினார். கையைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது. ஆபீஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றார். மறுபடியும் மூன்று டாக்டரையும் பார்த்திருக்கிறார், மனுஷன்!

“மூணு பேரும் இப்ப ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க சார். இன்னும் தள்ளிப்போட்டா பிடியே திரும்பாதாம். கூட ஒரு ஆள் வரணுமாம். நீங்க வரீங்களா?”

“நான் எத்தனாவது கொட்டேஷன்? இன்னும் யார் யாரைக் கேட்டீங்க?” என்று எரிந்து விழுந்தேன்.

திறக்காத டப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “வேற யாரையும் கேக்கல சார்.”

டப்பாவை வாங்கித் திறந்து கொடுத்தேன். லீவுக்கும் அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன்.

ஆபரேஷன் முடிந்து, பிடி முக்கால்வாசி திரும்பிவிட்டது. கொத்தமல்லிக்கு மறுபடியும் மூன்று கடை ஏறுகிறார், இம்சை. கனம் தூக்கக் கூடாது என்பதால் பையோடு பின்னால் போகிறவன் நான்தான். அந்தப் பையை வேறு யார் தூக்கினாலும் எனக்குப் பொறுக்காது.