கிள்ளு வாத்தியார் பார்த்த ஆயுசு

அரிவாளோடு வந்தவனையே கடையை விட்டு விரட்டியவன் நான். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. தல்லாகுளத்தில் சொந்தக் கையால் கறிக்கடை போட்டு நிமிர்ந்தவன். அப்பேர்ப்பட்ட என்னையும் நடுங்கவைத்த ஒரே ஆள் கிள்ளு வாத்தியார்தான்.

வெள்ளைக்காரன் காலம். எங்கள் தெருவில் குடியிருந்த காலேஜ் வாத்தியார் அவர். வணக்கம் சொன்னால் பதிலுக்குக் கும்பிட மாட்டார். நம் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டுவிட்டு, அது எப்போது படியும் என்று கடிகாரத்தைப் பார்ப்பார். என் கடையில் கறி வாங்க மாட்டார்; ஆட்டுக்கால் நரம்பு மட்டும் வாங்கிப்போய், அதில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். “கல்லு அதேதான், நேரமாக ஆக நரம்பு நீளுது பாருங்க!” என்று பூரிப்பார். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

ஒருநாள் சோழவந்தான் வெற்றிலை வியாபாரியைக் கிள்ளினார். கிழவர் அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தார். அம்புட்டுதான். ஆள் ஆயுசு பார்க்கிறார் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

சமயநல்லூரிலிருந்து எனக்குப் பெண் கொடுக்கப்போகிறவர், கடையைப் பார்க்க வந்த அன்றைக்குத்தானா வாத்தியாரும் வரவேண்டும்! என் கையைக் கிள்ளினார். கடிகாரத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“மெதுவாத்தான் படியுது.”

மாமனார் எழுந்துவிட்டார். “தெருமுனையில சொன்னாக, நான் நம்பல. ஆயுசு இல்லாத ஆளுக்கு எப்படித் தம்பி பொண்ணக் குடுக்க?”

வாத்தியார் பதறி வீட்டுக்கு ஓடினார். ஒரு சாமானோடு திரும்பினார்: விளக்கெண்ணெய் ஊற்றிய சைக்கிள் பம்பு, அதோடு சேர்த்துக் கட்டிய ஸ்பிரிங். இழுத்து விட்டார். ஸ்பிரிங் துள்ளவில்லை, எண்ணெய் தடுக்க, முனகிக்கொண்டு மெல்லத் திரும்பியது.

“தோலும் இப்படித்தான் அண்ணே. இவரு காலையிலருந்து தண்ணி குடிக்காம வெயில்ல நின்னிருக்காரு, லேட்டாகுது. ஆயுசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!”

“ஓகோ, ஆளு ஆயுசையே பம்புக்குள்ள அடைச்சு வச்சிருக்கீரா?” என்றார் மாமனார்.

வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. மாமனார் கையையே பிடித்துக் கிள்ளினார். தூக்கிய தோல் வரப்பு மாதிரி நின்றது. என் தோல் படிந்த நேரத்தையும் தாண்டி நின்றுகொண்டே இருந்தது. மாமனாருக்கு வேர்த்துக் கொட்டியது.

“தம்பி, இந்த மாசமே தாலியக் கட்டிருங்க. எம் பொண்ணு கல்யாணத்த நான் கண்ணால பாத்திரணும்.”

கல்யாணத்துக்கு வாத்தியாரும் வந்தார். பந்தலில் அத்தனை பேர் கையும் துண்டுக்குள் ஒளிந்துகொண்டது. மாலையும் கழுத்துமாக இருந்த நான் மட்டும், அவரைக் கண்டதும் புறங்கையை நீட்டினேன்.