கஸ்தூரிக் கட்டை

புதுவாயல் பக்கம் எங்கள் பட்டறையில் தயாராகும் வண்டிகளில் ஒரு விசேஷம் உண்டு. பின்னால் உள்ள மிஷினை ஓடவிட்டதும், ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு சின்ன இரும்புக் கட்டை வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு எந்த மகாராஜா மிதித்தாலும் பெடல் இறங்காது. அதற்குப் பெயர் கஸ்தூரிக் கட்டை. கஸ்தூரி நான்தான். என் திறமையைப் பாராட்டி வைத்த பெயர் என்று வெளியாட்களிடம் சொல்லிவருகிறேன். (பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னேன்.) அது பொய்.

எங்கள் தொழில் இதுதான்: சரக்கு வேனின் இன்ஜினிலிருந்தே பெல்ட் போட்டு, பின்னால் தண்ணீர் பம்ப்போ கம்ப்ரெசரோ ஓடவைப்போம். கரன்ட் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்த்த முதல் ஆள். இந்தச் செய்தி பழவேற்காடு ஏரியின் நண்டுகளுக்குக்கூடத் தெரியும். நான் சொல்லியிருக்கிறேன்.

தெரிந்தும் வந்து பார்க்காதவள் அம்மாதான். மீன் விற்கிறவள். பள்ளி ஆண்டுவிழாவுக்கு வரவில்லை, பாலிடெக்னிக்கில் சான்றிதழ் கொடுத்த அன்றும் வரவில்லை. கூப்பிட்டால் ஒரே பதில்.

"நான் வந்தா மீன் நாத்தம் அடிக்கும். உனுக்கு எதுக்குமா பேஜாரு?"

என் மேடை ஃபோட்டோ எதிலும் நான் கேமராவைப் பார்த்திருக்க மாட்டேன். கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பட்டறையில் சேர்ந்த பிறகு ஒருநாள் எங்கள் குப்பத்து தேசப்பன் அண்ணன், தன் மீன் வேனில் ஐஸ் உடைக்கும் மிஷின் வேண்டுமென்று வந்தார். அம்மா விடியலில் மரக்கட்டையால் அடித்து உடைக்கிற அதே ஐஸ்! முதலாளி வேலையை முழுசாக என்னிடம் விட்டார். வண்டி எடுக்கும் அன்று அம்மாவை எப்படியாவது இழுத்துவரச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சினேன்.

வந்தாள். தலையில் மீன் கூடையோடு. அப்படியே வியாபாரத்துக்குப் போய்விடலாமாம். முதலாளி அறையின் குஷன் நாற்காலியைத் துடைத்து வண்டிக்கு எதிரே போட்டேன். அவள் கூடையை வெளியே இறக்கிவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாம்மா."

"இங்கருந்தே தெரியுது. நீ ஓட்டு."

கற்பூரம் காட்டி மிஷினைப் போட்டோம். இன்ஜின் மெல்ல முனக, ஐஸ் பொடிப்பொடியாகத் தொட்டியில் சமர்த்தாக விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா திரும்பிக் கூடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பார்க்கவேயில்லை!

இங்கே ஒரு தொழில் விஷயம். மிஷினுக்கென்று தனி வேகம் கிடையாது. இன்ஜின் வேகம்தான் அதன் வேகம். 'மிஷின் ஓடும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி டிரைவர் சீட்டுக்கு எதிரே ஒட்டியவள் நானே. அந்தத் தாளுக்கு நேராக ஏறி உட்கார்ந்து, "அம்மா, இப்ப பாரு!" என்று கத்திவிட்டு, மிதித்தேன்.

சித்திரை வெயிலில் புதுவாயலில் பனி பெய்தது. மிஷின் வாய் தொட்டியை மறந்துவிட்டு ஆட்களைக் குறிபார்த்தது. கற்பூரம் அணைந்தது. முதலாளியின் மூக்குக் கண்ணாடி பறந்தது. "அய்யோ நைனா!" என்று தேசப்பன் அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினார். நான் பயத்தில் காலை எடுக்காமல் இன்னும் அழுத்தினேன். (பயந்தால் கால் இறுகும் என்பது என் பாடத்திட்டத்தில் இல்லை.) பெல்ட் அறுந்த பிறகுதான் நின்றது.

முதலில் கேட்டது அம்மா குரல்.

"யோவ், இன்னாத்த பாத்துக்கினு நிக்கறீங்க? ஐஸு கரையுது, வாருங்கய்யா!"

முந்தானையைச் செருகிக்கொண்டு, கூடையோடு பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டாள். கிரீஸ் படாத இடமாகப் பார்த்து இரண்டு கையாலும் வாரி மீன்மேல் போட்டாள்.

"சாரு, உன் சட்டையில இருக்கறதயும் இதுல உதறுய்யா."

முதலாளி உதறினார். குஷன் நாற்காலியில் குவிந்திருந்ததையும் வழித்தெடுத்தாள். அதில் உட்காரத்தான் இல்லை.

கிளம்பும்போது என்னிடம் வந்தாள். என் கன்னத்தில் ஒட்டியிருந்த ஐஸ் துண்டை விரலால் எடுத்துக் கூடையில் போட்டாள். "இன்னிக்கி ஐஸுக்குக் காசு மிச்சம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாளே வண்டியில் கட்டை ஏறியது.

வெயில் அதிகமானால் இன்றும் அம்மாவிடமிருந்து ஃபோன் வரும். பின்னால் மீன் வாங்க நிற்கும் பெண்கள் சிரிப்பது கேட்கும்.

"கஸ்தூரி, இங்க நெருப்பாட்டம் கொளுத்துது. அங்கருந்தே ஒரு மிதி மிதியேன்."

"நீ இங்க வா, மிதிக்கிறேன்."

"வர்றேன், வர்றேன். யாவாரம் முடியட்டும்."

அது எந்த நாளும் முடிந்ததில்லை. ஆனாலும் கேட்டுப் பக்கம் மீன் வாடை அடித்தால், வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் நான் சட்டென்று தலையைத் தூக்குவேன். நெற்றி போய் சேஸிஸ் இரும்பில் இடிக்கும். அந்த இடத்துக்கும் என் பெயரை வைக்கப் பட்டறையில் பேச்சு நடக்கிறது.