ரிப்போர்ட் சார் கேட்ட கையெழுத்து

விழுப்புரத்து வானத்தில் காக்கா பறந்தால்கூட அதற்கு இரண்டு சாட்சி கேட்ட மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் தெரு ரிப்போர்ட் சார்.

பட்டாளத்துச் சரக்கு விமானத்தில் இன்ஜினியராகப் பறந்தவர். ஒரு சாயங்காலம், மேகத்துக்கு மேலே ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று இவர்கள் விமானத்தோடு பக்கத்திலேயே பத்து நிமிஷம் வந்ததாம். தரை இறங்கியதும் சார் அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தார். கூட இருந்த பைலட்டோ, தான் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். சாரின் மண்டையைப் பரிசோதித்து, புத்தி சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். அப்புறம் சாருக்குப் பறக்கிற வேலையே கிடையாது. ரிட்டயராகி இவர் ஊர் வந்து சேர்வதற்குள் 'லூசு' என்ற பட்டம் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அன்றிலிருந்து மனிதருக்குச் சாட்சிப் பைத்தியம். வானத்தில் எது தெரிந்தாலும் நேரம், திசை, உயரம் எல்லாம் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து கேட்பார். ஒரு கல்யாணத்தில் டிரோனைப் பார்த்துவிட்டு, பந்தியில் புகுந்து மாப்பிள்ளையிடமே காகிதத்தை நீட்டினார்.

"சார், அது எங்க வீடியோக்காரன் வுட்டது சார்!"

"அதயே எழுதிக் கையெழுத்துப் போடுப்பா. சோறு எங்க ஓடிடப் போவுது?"

மாப்பிள்ளை சாம்பார் கையாலேயே போட்டுத் தொலைத்தான்.

அந்த பைலட்டும் இந்தப் பக்கத்து ஆள்தான். திண்டிவனத்தில் மகள் வீட்டில் இருந்தார். மாதாமாதம் சார் பஸ் ஏறிப் போவார். அவர் காபி கொடுப்பார், கையெழுத்து மட்டும் கொடுக்க மாட்டார். போன வருஷம் துணைக்கு நானும் போனேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பைலட், சாரைப் பார்த்ததுமே ஆரம்பித்தார்.

"இன்ஜினியர், அந்த ஆரஞ்சு லைட்டு நம்ம எடது பக்கம்தான வந்துச்சு? நானும் பாத்தன்யா. வேல போயிடும்னு பயந்துக்கினு பாக்கலன்னு எழுதிட்டேன்."

சாரின் கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. நான் அவர் பையிலிருந்து ரிப்போர்ட் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"அங்கிள், அவர் சொல்றத எழுதிக்காதீங்க. மறதி நோயின்னு டாக்டர் சொல்லிட்டாரு. காலையில என்னையே யாரும்மா நீன்னு கேட்டாரு."

"அதனால என்ன? போடுங்க சார்!" என்று நான் காகிதத்தைப் பிடுங்கி பைலட்டிடம் நீட்டினேன். அவரும் ஆசையாகக் கையை நீட்டினார். ரிப்போர்ட் சார்தான் நடுவில் வாங்கி மடித்துவிட்டார்.

"வேணாம்பா. புத்தி சரியில்லன்னு டாக்டர் சொன்ன ஆளு ரிப்போர்ட்டு செல்லாது. அது எனக்குத் தெரியாதா?"

பஸ்ஸில் திரும்பும்போது விக்கிரவாண்டி வரை சார் அந்தக் காகிதத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாகவே வந்தார். நானும் மடையன் மாதிரி மல்லாட்டைக் கடலைப் பொட்டலம் வாங்கி அவர் கையில் திணித்துவிட்டு, பஸ் கூட்டத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இந்தத் தை மாதம் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். வானத்தில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதருக்குப் பொய் வராது என்று தெரியும். பாவி நான், அன்றைக்கு பஸ்ஸில் பக்கத்து சீட்டில்தானே உட்கார்ந்திருந்தேன், "நான் நம்புறேன் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.