ராகு காலத்தில் இறங்கிய ஓப்பனர்

பெரியநாயக்கன்பாளையம்,
சனிக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் நஞ்சுண்டன் அவர்களுக்கு, பம்ப்செட் உதிரிபாகக் கடை மயில்சாமி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உங்கள் தங்கை பழனியாத்தாளின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. போத்தனூரில் எல்லாரும் நலமென்று நம்புகிறேன்.

நடந்தது இதுதான். என் மகன் கிருபாசங்கர் வியாழக்கிழமை ஜிம்பாப்வே டெஸ்ட்டில் இந்தியாவின் ஓப்பனராக இறங்கி, முதல் ஒன்றரை மணி நேரம் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. டிவியில் பார்த்த நீங்கள் வெள்ளிக்கிழமை காலையிலேயே ஆள் அனுப்பி லோகப்பிரியாவின் ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள். "மட்டைய ஊனீட்டு நிக்கறவனுக்கு எம்புள்ளையக் குடுக்க முடியாதுங்க" என்றீர்களாம்.

மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன். அவனை நிறுத்தி வைத்ததே நீங்கள்தான். புதன்கிழமை நீங்கள் அவனுடைய ஓட்டலுக்கு ஐஎஸ்டி போட்டுப் பேசியதை அவன் ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டான்.

"மாப்ள, நாளைக்கு மேட்ச்சு நம்ம டைமுக்கு ஒண்ணரைக்குத் தொடங்குதுங்க. ஒண்ணரைல இருந்து மூணு வரைக்கும் ராகு காலம். அதுக்குள்ள முதல் ரன் எடுத்துப்போடாதீங்க!"

"பந்து வருமுங்களே மாமா?"

"வரட்டுமுங்க. ராகு காலத்துல நம்ம கடைக்குச் சரக்கு வாங்க ஏவாரி வந்தா நான் தொரத்தியா உடறேன்? உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுப்பேன். சரக்க மட்டும் காட்ட மாட்டேன்."

பெண் கொடுக்கப்போகிற தாய்மாமன் சொல்லைத் தட்டலாமா என்று அவனும் வந்த பந்தையெல்லாம் உட்காரவைத்து டீ கொடுத்தான், கால் பக்கம் வந்த லட்டுப் பந்தையும் தடுத்தான், மைதானக் கடிகாரத்தைப் பார்த்து அதோடு மூன்றரை மணி கூட்டிக் கோயமுத்தூர் நேரம் கணக்குப் போட்டான், அந்த நேரம் பார்த்து எதிர்முனையில் நின்றவர் ஓடு ஓடு என்று கத்திக்கொண்டே இவன் பக்கத்தில் வந்து நிற்க, இவன் "இன்னும் இருபது நிமிசமுங்க" என்று தமிழில் சொல்ல, பாவம் அந்த மனுஷன் ரன் அவுட். ராகு காலம் முடிந்து மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு அடித்தான் பாருங்கள் முதல் ஃபோர்! ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு எழுபத்தொன்றில் அவுட்.

மேனேஜர் கூப்பிட்டு ஏன் அப்படி நின்றாய் என்று கேட்டிருக்கிறார். மாமன் பேரைச் சொன்னால் அசிங்கம் என்று, "பிட்ச் ஈரமா இருந்துச்சு சார்" என்றிருக்கிறான். பத்திரிகைக்காரர்களும் பொறுமைசாலி என்று எழுதிவிட்டார்கள். அடுத்த டெஸ்ட்டிலும் அவனுக்கு இடம் உண்டு. ஆக, உங்கள் வாக்கு பலித்துவிட்டது, உங்களைப் போல நல்ல நேரம் பார்க்கத் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் இல்லை. நீங்கள் சொன்னபடி நின்ற பையனை, நின்றான் என்பதற்காகவே தள்ளுவது நியாயமா? ஜாதகம் என்னிடமே இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு வணக்கமும் லோகப்பிரியாவுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் சம்பந்தியாகவே தன்னை நினைக்கும்
மயில்சாமி

பி.கு.: கவரை ஒட்டும் முன் ஜோசியர் வந்தார். ராகு காலத்தை அந்தந்த ஊர்ச் சூரியனை வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். பையன் நின்ற ஒன்றரை மணி நேரமும் அங்கே நல்ல நேரம். அங்கே ராகு பிடித்தது அவர்கள் ஒன்றரைக்கு, அதாவது நம் ஐந்து மணிக்கு, ஐந்து நிமிடத்தில் அவுட். மேலே உங்களைப் புகழ்ந்த வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். இதைக் கேட்ட பழனியாத்தாள் முழங்கால் வலியை மறந்து டவுன் பஸ் ஏறி, நீங்கள் மார்க்கெட் போயிருந்த நேரத்தில் உங்கள் வீட்டம்மாவிடமும் லோகப்பிரியாவிடமும் பேசி முடித்துவிட்டு வந்துவிட்டாள். முகூர்த்தம் தை மாதம். மண்டபச் செலவு சரிபாதி. மேட்ச் நாளில் மாப்பிள்ளைக்கு ஃபோன் செய்ய லோகப்பிரியாவுக்கு மட்டுமே உரிமை. உங்கள் வீட்டு ஃபோனுக்கு இன்று முதல் பூட்டு, சாவி உங்கள் வீட்டம்மாவிடம்.