பெண் பார்க்கும் நாளில் நாறிய பூ

செத்த எலி வாடை அடித்தால் சந்தோஷத்தில் துள்ளுகிற பெண்கள் நாட்டில் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் ஒருத்தி. அதனாலேயே ஒரு நல்ல வரன் கைவிட்டுப் போனது.

அப்போது நான் அரிய செடிகளில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தரங்கம்பாடிப் பக்கத்துக் கோயில் காடு ஒன்றில் ஒருவகைக் காட்டுக்கருணை அழிந்துகொண்டே வந்து, மிச்சம் இரண்டே கிழங்கு. ஒன்று காட்டில். மற்றது, சாலை போட வந்த பொக்லைனிடமிருந்து தப்பித்து, திருவாரூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தொட்டியில். காட்டுச் செடி முந்தின வாரமே பூத்துவிட்டது. அதன் மகரந்தம் எங்கள் ஃப்ரிட்ஜில், நெய் டப்பாவுக்குப் பக்கத்தில் (அம்மாவிடம் "மருந்து, தொட்டா கை வெந்துடும்" என்று சொல்லியிருந்தேன்). தொட்டிச் செடி பூத்ததும் அதைத் தடவினால்தான் விதை பிடிக்கும். பூ விரிந்த முதல் மாலையில் மட்டும்தான் ஒட்டும். அந்த நேரத்தை அறிய மூக்கு போதும், ஊரே நாறும்.

சீர்காழியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த மாலையில்தான் அது பூத்தது.

கூடத்தில் கேசரி வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றது.

"எலி செத்துக் கிடக்கு போலிருக்கு சம்பந்தி" என்றார் அப்பா. (அதற்குள் சம்பந்தி!)

"பக்கத்து வீட்டு சாக்கடைங்க" என்றாள் அம்மா, அதே நொடியில்.

"ரெண்டுல எதுங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மாப்பிள்ளை நல்லவர். செல்போன் வெளிச்சத்தில் சோபாவுக்கு அடியில் எலி தேட ஆரம்பித்தார். காபித் தட்டோடு உள்ளே வந்த நான் ஒரு மூச்சு இழுத்தேன். "வந்துடுச்சு!" என்று கத்தி, தட்டை மாப்பிள்ளை கையிலேயே திணித்துவிட்டு ஃப்ரிட்ஜுக்கு ஓடினேன்.

என்னவோ ஏதோ என்று மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே கொல்லைக்கு வந்துவிட்டார். அவர் கண்ட என் கோலம்: பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் பிரஷ். ஈ மொய்க்கும் பூவுக்குள் முக்கால் முகம்.

"என்னம்மா பண்றே?"

"கல்யாணம் பண்ணி வைக்கிறேன் ஆன்ட்டி. கொஞ்சம் இருங்க, பொண்ணு தயாரா இருக்கறது இன்னிக்கு மட்டும்தான்."

அவர் இருக்கவில்லை. மறுநாள் போன் வந்தது. "பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா எங்க வீட்ல கொல்லை கிடையாதுங்க."

அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள். பூ காய்த்து, சிவப்பாகப் பழுத்து, விதைகளைக் கோயில் காட்டில் ஊன்றப் போன அன்றுதான் கூட வந்தாள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, "இதுக்காவது நல்லபடியா முடிஞ்சுதே" என்றாள்.

எனக்கும் பிறகு முடிந்தது. அன்று அங்கே இல்லாத என் கணவர்தான் இந்தக் கதையை எல்லோரையும்விட நன்றாகச் சொல்வார். வீட்டில் மீன் கழுவினாலும், அவருடைய சாக்ஸே நாறினாலும், "சீர்காழி மாப்பிள்ளை வந்திருக்கார், காபி கொண்டா" என்பார். பஸ் சீர்காழிக்குள் நுழைந்தால் மரியாதையாக மூக்கைப் பொத்திக்கொள்வார். அந்த ஊர் என்ன பாவம் செய்தது?