மகள் எப்போது கூப்பிடுவாள் என்பதற்கு ஒரு வளைவு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் மாமியார், என் கணினி ஆகிய மூவரும் நலம். மூன்றாவது ஆள் மட்டும் அவ்வப்போது அப்படியே உறைந்துபோய் நிற்கிறது, அணைத்துப் போட்டால் எழுந்துகொள்கிறது. அங்கே நீங்களும், உங்கள் பல் மருத்துவமனையும், அதில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களும் நலம் என்று நம்புகிறேன். என் மகளின் நலத்தை நான் விசாரிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏன் விசாரிக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. நான் உங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் தரவு கெட்டுவிடும். தரவு என்றால் சேர்த்துவைத்த விவரம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உங்கள் மனைவி நாள் முழுக்க அதோடுதான் மல்லாடுகிறாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானோ பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வரவேண்டும், எவ்வளவு தாமதமாக வரும், அதற்கு டிரைவர் என்ன பொய் சொல்வார் என்பது வரைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு, இருக்கிற ஒரே பெண் கல்யாணமாகி அவ்வளவு தூரம் போன பிறகு, அவள் எப்போது கூப்பிடுவாள் என்பது மட்டும் பிடிபடவே இல்லை. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது மூச்சு விடுவதில்லை. சவரக் கடையில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருக்கும்போது அடிக்கிறது. போனை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிந்து, குளியலறைக் குழாயில் தொங்கவிட்டுக் குளித்தேன். அன்றைக்கு அடித்தது. ஈரக் கையால் முடிச்சை அவிழ்ப்பதற்குள் நின்றுவிட்டது. இதற்கும் ஒரு கால அட்டவணை இருந்தே தீரும், அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே, தலையில் சோப்போடு முடிவு செய்தேன்.

முதலில் உங்கள் மனைவியிடமே உதவி கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. "ஒரு விஷயம் நடக்குது, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி நடக்குது. நடுவுல இருக்கிற இடைவெளியை எப்படிம்மா கணிக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டேன். பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "அப்பா, ரிட்டயர் ஆனப்புறம் இப்பதான் உருப்படியா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கீங்க" என்று சொல்லி, அங்கிருந்தபடியே என் கணினிக்குள் புகுந்து, புள்ளியியல் நிரல் எழுதும் மென்பொருளை நிறுவிக் கொடுத்தாள். அதன் பிறகு அவள் கூப்பிடும்போதெல்லாம், சாப்பிட்டாயா தூங்கினாயா என்று நேரத்தை வீணாக்காமல் நேராகச் சந்தேகத்துக்கு வந்துவிடுவேன். ஒரு தடவை எந்த அடைப்புக்குறி மூடாமல் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக, முழு நிரலையும் அவளுக்குப் போனில் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், காற்புள்ளி உட்பட. "அப்பா, நாள் பூரா ஆபீஸ்ல இதே வேலைதான். வீட்டுக்கு வந்தும் இதுவா?" என்றாள். "இன்னும் ரெண்டே பக்கம்தாம்மா" என்றேன். அது முடிந்ததும், இணையத்தில் இதற்கென்றே ஓர் உதவி மன்றம் இருக்கிறது, அங்கே பெரிய பெரிய ஆட்களெல்லாம் சும்மாவே பதில் சொல்வார்கள் என்று முகவரி கொடுத்தாள். அப்பா மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள்.

அந்த மன்றத்தில் என் முதல் கேள்வியை நம் குடும்ப மரியாதைக்குத் தக்கபடி எழுதினேன். "பெருமதிப்பிற்குரிய புள்ளியியல் வல்லுநர்களின் சமூகத்திற்கு" என்று தொடங்கி, என் பணிக்காலம், முழங்கால் வலி, மகளின் படிப்பு எல்லாம் சொல்லி, கேள்விக்கு வருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. கேள்வி எதுவும் இல்லை என்று நீக்கிவிட்டார்கள். அடுத்த முறை "வேலை செய்யவில்லை, அவசரம்" என்று மட்டும் போட்டேன். அதற்கு ஒருவர் பதில் போட்டார். பெயர் கிடையாது, படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கரடியின் முகம். "என்ன வேலை செய்யலை? என்ன எழுதினீங்க, என்ன பிழை வந்துச்சு? கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டார். கணினித் திரையைப் போனில் படமெடுத்து அனுப்பினேன். அதில் நிரல் தெரியவில்லை. திரையில் பிரதிபலித்த உங்கள் மாமியார்தான் பளிச்சென்று தெரிந்தாள், கையில் துடைப்பத்தோடு. "முதல்ல பின்னால நிக்கிறவங்களுக்கு வழி விடுங்க, அப்புறம் நிரலைப் பார்ப்போம்" என்று எழுதினார். அன்றிலிருந்து எனக்கு எல்லாமே அவர்தான். ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, எதுவும் தெரியாது. "கரடி அவர்களே" என்றுதான் விளித்து எழுதுகிறேன், இதுவரை ஆட்சேபம் இல்லை.

கரடி அவர்கள் சொன்னபடி, ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே எத்தனை நாள் என்று என் போனிலிருந்து பார்த்துப் பார்த்து வரிசையாக உள்ளிட்டேன். குளியலறையில் தவறிப்போனதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு பெரிய தர்க்கம் வந்தது. டிப்போவில் வண்டி வந்து நிற்காமல் போனாலும் வந்ததாகத்தான் எழுதுவோம், ஆகவே சேர்த்தேன். சிக்னல் அறுந்து அவள் உடனே திரும்பக் கூப்பிட்ட நாட்களுக்கு இடைவெளி பூஜ்ஜியம் என்று போட்டேன், நிரல் பூஜ்ஜியத்தைக் கண்டதும் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டது, எடுத்தேன். பிறகு மணி வளைவைப் பொருத்தினேன். பாடப்புத்தகத்தில் நடுவில் மேடாகி இரண்டு பக்கமும் சரியுமே, அது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் இடதுபக்கச் சரிவு பூஜ்ஜியத்தையும் தாண்டிப் பின்னால் போயிருந்தது. அதாவது, உங்கள் மனைவி அடுத்த முறை கூப்பிடப்போவது போன வாரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டாம். எதற்கும் இருக்கட்டும் என்று போன வாரத்து அழைப்புகளை இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். இல்லை.

"காத்திருக்கிற நேரத்துக்கெல்லாம் மணி வளைவு ஆகாதுங்க" என்று கரடி என்னைக் கண்டித்து, அடுக்குக்குறிப் பரவல் என்று வேறொரு வளைவைப் பொருத்தச் சொன்னார். உச்சியில் தொடங்கிச் சறுக்குமரம் போல ஒரே இறக்கமாக இறங்கியது. "இதுல ஒரு விசேஷம். நீங்க ஏற்கனவே எத்தனை நாள் காத்திருந்தீங்கன்னு இதுக்குக் கவலையே இல்லை. பத்து நாள் ஆகியிருந்தாலும் சரி, இப்பதான் போனை வெச்சிருந்தாலும் சரி, இனிமே காத்திருக்க வேண்டியது சராசரியா அதேதான்" என்று விளக்கினார். டிப்போவில் இப்படி ஒரு பஸ்ஸை விட்டிருந்தால் பயணிகள் என்னைக் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். உங்கள் மாமியாரிடம் போய்ச் சொன்னேன். "அவ எப்பக் கூப்பிடுவான்னு தெரியாதுங்கிறதைச் சொல்லவா இத்தனை நாள் ஆச்சு? நீங்களே கூப்பிட்டுப் பேசினா என்ன, விரல் தேஞ்சுடுமா?" என்றாள். புரியாத ஜென்மம். நான் கூப்பிட்டால், அவள் தானாகக் கூப்பிடும் இடைவெளி கலைந்துவிடாதா? அதற்காகத்தானே இந்த ஆராய்ச்சி தொடங்கியதிலிருந்து நான் ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடாமல் இருக்கிறேன். விரல் பொத்தான் வரைக்கும் போகும், தரவை நினைத்து எடுத்துவிடுவேன். அவள் பிறந்தநாளன்றுகூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தரவு சுத்தமாக இருக்கிறது.

லைன் எப்போதும் காலியாக இருக்கவேண்டும் என்பதற்காக வேறு யார் கூப்பிட்டாலும் வெட்டிவிடுகிறேன். என் சொந்த அண்ணன் கூப்பிட்டபோது "லைனை அடைக்காதே" என்று சொல்லி வைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார். அந்த இடைவெளியும் நீண்டுகொண்டேதான் போகிறது, அதற்கெல்லாம் வளைவு போட எனக்குப் பொழுதில்லை.

ஏனென்றால் அடுக்குக்குறிப் பரவலும் சரியாக உட்காரவில்லை. நீளமான சில இடைவெளிகள் வளைவை மதிக்காமல் வலதுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கரடி அவர்கள் வெய்புல் என்று வேறொரு பரவலைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். மாப்பிள்ளை, பொருந்தியது! அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அப்படிப் பொருந்தியது. துள்ளிக் குதித்து உங்கள் மாமியாரைக் கூப்பிட்டேன், அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள். அந்த மகிழ்ச்சியிலேயே, இதில் வடிவ எண் என்று ஒன்று வருகிறதே, அது ஒன்றுக்குக் கீழே இருக்கிறதே, அதற்கு என்ன பொருள் என்று கரடியைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஒண்ணுக்கு மேலன்னா, காத்திருக்கக் காத்திருக்க நடக்கிற வாய்ப்பு கூடும். ஒண்ணுக்குக் கீழேன்னா, காத்திருக்கக் காத்திருக்கக் குறையும். உங்களுது குறையற கேஸ்" என்று எழுதிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். ஏதோ மெஷின் பழுதாகிற கணக்கு என்று அவருக்கு எண்ணம். என் பெண் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று அவள் கூப்பிடவில்லை, ஆகவே இன்று கூப்பிடும் வாய்ப்பு குறைவு. இன்றும் கூப்பிடாவிட்டால் நாளைக்கு இன்னும் குறைவு. இப்படியே போனால் என் பெண்ணின் குரலை நான் கேட்கப்போவதே இல்லை என்கிறது வளைவு. வளைவோ அவ்வளவு நன்றாகப் பொருந்தித் தொலைத்திருக்கிறது. அழைப்புகளை வரிசைப்படி அடுக்கியும் ஒரு படம் போட்டுப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் நெருக்கி நெருக்கி இருந்தவை, நான் நிரல் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து தள்ளித் தள்ளிப் போயிருக்கின்றன. கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் நீங்கள் மாலை நேரத்திலும் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினீர்கள். இந்த இரண்டில் எது காரணம் என்பது பச்சைக் குழந்தைக்கும் விளங்கும். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மாப்பிள்ளை. நீங்கள் அங்கே ஊரார் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தால் வீட்டு வேலை மொத்தமும் அவள் தலையில் விழாமல் வேறு யார் தலையில் விழும்? அப்புறம் அப்பாவோடு பேச நேரம் ஏது?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாலையில் மருத்துவமனையைப் பூட்டிவிட்டு நேராக வீட்டுக்குப் போங்கள். பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். அவள் கை ஓய்ந்து உட்காரும்போது, "அப்பாகிட்ட பேசி ரொம்ப நாளாச்சு இல்ல?" என்று தற்செயலாக ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். உங்கள் நாற்காலியில் படுத்தவர்கள் யாரும் பதில் பேசுவதில்லை, பதில் பேசுகிறவளிடம் ஒன்றைச் சொல்லி நடத்துவது உங்களுக்குச் சிரமமாக இருக்கலாம். நிதானமாக முயலுங்கள். நான் சொல்லித்தான் சொன்னீர்கள் என்பது அவளுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் அந்த அழைப்பைத் தரவில் சேர்க்க முடியாது. சேர்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிடச் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நிறைந்து வாழவேண்டும். ஊரில் எல்லோர் பல்லும் உறுதியாக இருக்கட்டும் என்று வாழ்த்தினால் உங்கள் பிழைப்பு கெட்டுவிடும் என்பதால் அதை மட்டும் அளவோடு வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லி உங்கள் மாமியாரிடம் கொடுத்தேன். கரடி வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கியவள், பிறந்தநாள் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். உங்கள் மனைவி தினமும் சாயங்காலம் அதில் கூப்பிடுகிறாளாம். நான் என் போனில் வந்ததை மட்டும் எண்ணியிருக்கிறேன், இந்த வீட்டில் இன்னொரு போன் இருப்பது என் ஆராய்ச்சியில் எங்கேயும் தட்டுப்படவில்லை. "எடுத்ததுமே, 'அப்பா கம்ப்யூட்டர் முன்னாடியா?'ன்னு கேப்பா. ஆமான்னா, 'அப்ப நிம்மதியாப் பேசலாம்மா'ம்பா. உங்ககிட்ட குடுத்தா அடைப்புக்குறி எங்கன்னு கேப்பீங்களாம்" என்றாள். "அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "சொல்லாம என்ன? உங்களுக்கும் கேக்கட்டும்னு ஒருநாள் ஸ்பீக்கர்ல போட்டேன். 'அந்த டி.வி. சத்தத்தைக் குறை, அவ எப்பக் கூப்பிடுவான்னு கணக்குப் போட்டுட்டிருக்கேன்'னு உள்ளேயிருந்து கத்தினது யாரு?" நான்தான்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. தபால்தலை ஒட்டிவிட்டேன் என்பதால் மட்டுமே அனுப்புகிறேன். மாலையில் தாராளமாகப் பல் பிடுங்குங்கள். அவளிடம் எதுவும் சொல்லவேண்டாம், வழக்கம்போல் அம்மாவையே கூப்பிடட்டும். இன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து நானும் சமையலறையில் ஒரு ஓரமாக வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அப்பா கம்ப்யூட்டர் முன்னாடியா என்று அவள் கேட்டால், ஆமாம் என்றே சொல்லும்படி உங்கள் மாமியாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.