கழிவு போக அம்மாவின் நிறை

அன்பு மகள் பிரேமினிக்கு,

நோர்வூட்டிலிருந்து அப்பா ஆண்டியப்பன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பிரதாப்பும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க நம் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் துணையிருப்பாள். இங்கே உன் அம்மா மீனம்மா நல்ல சுகம். வேளைக்குச் சாப்பிட்டு, படுத்தவுடன் குறட்டை விடுகிறாள். என் சுகத்தைப் பற்றி மேலே படிக்கப் படிக்க உனக்கே விளங்கும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் வாயைத் திறக்குமுன் அப்பாவுக்கு ஒன்றுமில்லை, சும்மா பயப்படுகிறார் என்று பேச்சை முடித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

விஷயம், உன் பேறுகாலத்துக்கு அம்மா ஏறி வரப்போகும் அந்தச் சின்ன விமானம். கொழும்பிலிருந்து டொரொன்டோவுக்குப் போகும் பெரிய விமானத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நூற்றுக்கணக்கான சனம் போகிறது, அத்தனை பேருக்கும் சேர்த்து ஆண்டவன் ஒரு கண் வைத்திருப்பான். அதற்குப் பிறகு, ரோட்டே போகாத உன் வடக்கு ஊருக்கு ஒன்பது பேர் மட்டும் ஏறும் விமானம் என்று நீ சாதாரணமாகச் சொன்னாயே, அன்றோடு என் தூக்கம் போய்விட்டது. பக்கத்து வீட்டுச் சூசைரட்ணம் மாஸ்டரிடம் சொன்னது அடுத்த பிழை. அவர் அந்த மாதிரி விமானங்களின் வீடியோக்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்து காட்டுகிறார். அதில் பைலட்டே மூட்டைகளை ஏற்றுகிறான், அவனே கதவைச் சாத்துகிறான், அவனே முன்னால் போய் உட்கார்ந்து ஓட்டுகிறான், கடைசியில் ஒரு வெள்ளை மைதானத்தில் குதித்துக் குதித்து இறங்குகிறான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டர், "நம்ம பொகவந்தலாவை வேன் மாதிரிதாங்க கணக்கப்பிள்ளை, பயப்படாதீங்க" என்றார். அந்த வேனில் போய்வந்த ஒருவனுக்குச் சொல்லும் ஆறுதலா இது?

அதோடு விட்டதா? உடுப்போடும் கைப்பையோடும் அம்மாவின் நிறை என்ன என்று அந்தக் கம்பனிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றாய். தோட்டத்து டிஸ்பென்சரியில் உள்ள தராசின் முள் யார் ஏறினாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆகவே அவளைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கே கூட்டிப்போனேன். ஓய்வு பெறும்வரை கணக்கப்பிள்ளையாக நான் நின்று கொழுந்து நிறுத்த அதே இடம். இப்போது அங்கே நிறுப்பது கஜேந்திரன் தம்பி. அவன் தொங்குதராசின் கொக்கியில் ஒரு சாக்கை ஊஞ்சல் மாதிரிக் கட்டினான். அம்மா ஹட்டனில் வாங்கிய தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி அதில் ஏறி உட்கார்ந்தாள். மத்தியானக் கொழுந்தோடு வந்த பெண்கள் எல்லாரும் கூடி நின்று சிரித்தார்கள். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. கஜேந்திரன் நிறையை வாசித்தான். அந்த நேரம், ஈரக் கொழுந்துக்குக் கழித்த பழைய பழக்கத்தில் என் வாய் தன்பாட்டில், "தண்ணிக்கு மூணு கிலோ, சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்க தம்பி" என்றது. அவனும் வேலைப் பழக்கத்தில் மறுபேச்சில்லாமல் கழித்துவிட்டான்.

அம்மா தொங்கியபடியே என் பக்கம் திரும்பினாள்.

"முப்பது வருசமா என் கொழுந்துல கழிச்சீங்க. இப்ப என்னையே கழிக்கிறீங்களா?"

பின்னால் நின்ற சர்மிளா, "மீனம்மாக்கா, எங்களுக்குக் கழிச்ச கிலோவையும் சேத்துக் கனடாவுல கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் கஜேந்திரன், உதவி செய்வதாக நினைத்து, கழித்த நிறையை அவன் போனிலிருந்தே உனக்கு அனுப்பிவிட்டான். நீயும் அதைக் கம்பனிக்கு அனுப்பிவிட்டாய். ஆக, அம்மாவில் ஐந்து கிலோ அந்தப் பைலட்டுக்குத் தெரியாமல் வரப்போகிறது. இதை நினைத்தால் சோறு இறங்குகிறதா? அவளோ பெட்டிக்குள் உனக்கென்று பேறுகாலக் காய மருந்துச் சரக்கு, வறுத்த அரிசி மா, தேயிலை, கருவாடு என்று அடைத்துக்கொண்டே இருக்கிறாள். நான் யாரும் பார்க்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தால், அடுத்த முறை பெட்டியில் இரண்டு பொட்டலம் கூடியிருக்கிறது. பெட்டியை விட்டுவிட்டு அவளைக் குறைக்கலாம் என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் ஒரு ரொட்டியைக் குறைத்துப் பார்த்தேன். மாஸ்டர் வீட்டுக்குப் போய் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

கடைசியில் நேராகவே சொல்லிவிட்டேன். நீ போக வேண்டாம், பிள்ளை பிறந்து கொஞ்சம் பெரிதானதும் பிரேமினியே கொண்டுவந்து காட்டட்டும் என்றேன். அம்மா மா சலித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அந்த ஊருல பிரசவம் பாக்க வசதியில்லயாம். நெறமாசத்துல அவளையும் அதே விமானத்துலதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போவாங்க. மாப்பிள்ளைக்கு லீவு இல்ல. அவ பக்கத்து சீட்டுல யாரு இருப்பா? பைலட்டா?"

மகளே, இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். நேற்றுவரை ஓர் ஆளுக்காகப் பயந்தவன் இன்று மூன்று பேருக்காகப் பயப்படுகிறேன். ஆகவே கேட்டுக்கொள்வது என்னவென்றால், கம்பனியிடம் சொல்லி அம்மாவின் நிறையில் ஐந்து கிலோவைக் கூட்டிவிடு. அவளை நடுச் சீட்டில் உட்காரவைக்கச் சொல். காற்றடிக்கும் நாளில் ஏற்ற வேண்டாம் என்று சொல். இதெல்லாம் முடியாது என்றால் டிக்கெட்டை ரத்துச் செய்துவிடு, அம்மாவின் வாயை நான் தாங்கிக்கொள்கிறேன். இல்லை, ரத்துச் செய்யாதே, நீ தனியாக எப்படிப் போவாய்? ஆனாலும் ரத்துச் செய்தால் நல்லது. எனக்கு யோசனை ஓடவில்லை, நீ படித்தவள், பார்த்துச் செய்.

மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். குளிரில் காதை மூடிக்கொள். சுகப்பிரசவமாகி, தாயும் பிள்ளையும் நீடு வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
ஆண்டியப்பன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடப் போனேன். ரோட்டில்லாத ஊருக்குத் தபாலும் அந்தச் சின்ன விமானத்தில்தான் போகும், எப்போது போய்ச்சேரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அதனால் கோயில் திருநீறு, உன்னிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அம்மாவின் கைப்பையிலேயே வைத்துவிட்டேன். மாப்பிள்ளையும் நேற்றுப் பேசினார். நாங்கள் அனுப்பிய நிறை எதற்கும் உதவாதாம், ஏறுமுன் அவர்களே எல்லாரையும் நிறுத்துப் பார்ப்பார்களாம். ஆகவே நீ இதைப் படிக்கும்போது அம்மா வந்து இறங்கி உன் பக்கத்தில்தான் இருப்பாள். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். விமானத்தில் அவள் பயந்தாளா என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல். பயப்படவில்லை என்றாலும், கொஞ்சம் பயந்தாள் என்றே சொல்.